பள்ளிப் பலகையில் ஒரு ஸ்காட்லாந்துக் கிராமம்

ஈப்போவின் சிலிபினில் உள்ள கத்தோலிக்க ஆலயம் லூர்து அன்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. லூர்து என்பது பிரான்சின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் ஊர். 1858-இல் பெர்னதெத் என்ற ஏழைச் சிறுமிக்கு அங்கே ஒரு பாறைக் குகையில் மாதா காட்சி தந்தார் என்பது நம்பிக்கை. அந்த ஊரைப் பார்த்திராத தமிழர்கள் பிள்ளைகளுக்கு லூர்துசாமி என்றும் லூர்துமேரி என்றும் பெயர் வைத்தார்கள். இன்று அந்தப் பெயர்களைக் கேட்கும் யாருக்கும் ஒரு பிரெஞ்சு மலையூர் நினைவுக்கு வருவதில்லை. அவை முழுக்கத் தமிழ்ப் பெயர்களாகிவிட்டன.

பேராக் மாநிலத் தமிழர் வாழ்வில் இப்படி ஊர்விட்டு ஊர் வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள் ஏராளம். அவற்றில் பெரும்பங்கு கோயிலிலோ ஆலயத்திலோ இல்லை. ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் முன்பின் தெரியாத ஒருவரைச் சந்தித்தால் ‘எந்த ஊர்?’ என்பார்கள். ஈப்போவின் சிலிபினிலும் புந்தோங்கிலும் குடியேறிய முதியவர்களிடையே அந்தக் கேள்வி ‘எந்தத் தோட்டம்?’ என்று மாறியது. பதிலாக வருவது கிந்தா கெல்லாஸ், ஸ்ட்ராதிஸ்லா, கிளூனி, ஹோலிரூட், நோவா ஸ்கோஷியா, ஸ்ட்ராத்மாஷி. சொல்பவரின் பாட்டனார் சேலத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்திருப்பார். தோட்டத்தின் பெயரோ ஸ்காட்லாந்திலிருந்து வந்தது.

இதற்குக் காரணம் தேடினால் ரப்பரின் கதைக்குள் போக வேண்டும். 1877-இல் கோலகங்சாரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த ஹியூ லோ தம் மாளிகை வளாகத்தில் சில ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பி விலை சரிய, தோட்டக்காரர்கள் பால்மரத்தின் பக்கம் திரும்பினார்கள். கார் வந்தது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, லண்டனிலும் எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் கம்பெனிகள் முளைத்தன. காட்டைக் குத்தகைக்கு எடுத்தவருக்குப் பத்திரத்தில் எழுத ஒரு பெயர் வேண்டும். மலாய்க்காரர்களும் ஒராங் அஸ்லி மக்களும் வழங்கிய ஆற்றுப் பெயரையே சிலர் வைத்துக்கொண்டார்கள். வேறு சிலர் தாங்கள் விட்டு வந்த பள்ளத்தாக்கின் பெயரைச் சூட்டினார்கள்.

வடக்கே குளிர்காற்றில் வளர்ந்த ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. இலங்கை மலையகத்தில் இதை முன்பே செய்திருந்தார்கள். கண்டிச் சீமையில் 1867-இல் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஆக்கன்பிளே என்ற சிற்றூர்க்காரர். அந்த ஊரின் பெயருக்கு ஸ்காட்லாந்தின் கெய்லிக் மொழியில் ‘பூக்களின் வயல்’ என்று பொருள். இன்றும் ஹட்டன், தலவாக்கலை, அக்கரப்பத்தனை பக்கம் போனால் ஸ்ட்ராத்ஸ்பே, ஹோலிரூட், கிளாஸ்கோ, பால்மோரல், வேவர்லி என்று தோட்டங்கள் வரிசையாக வரும். சிவனொளிபாத மலைக்கு ஏறும் வழியில் உள்ள டல்ஹவுஸியை மட்டும் மலையகத் தமிழர் விடவில்லை. நல்லதண்ணி என்று தங்கள் பெயரை வைத்துவிட்டார்கள். எடின்பரோவுக்குத் தெற்கே ஒரு கோட்டையின் பெயர் பின்வாங்க, மலையிலிருந்து வந்த நீரின் பெயர் நின்றது.

ஈப்போவிலிருந்து தெற்கே பத்து காஜா செல்லும் வழியில் இருக்கும் கெல்லி கோட்டைதான் பேராக்கில் இந்தக் கதையின் பெரிய சாட்சி. சுற்றுலாப் பயணிகள் பேய்க் கதை கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பெயரை நின்று பார்ப்பவர் குறைவு.

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கே மோரே வட்டாரத்தில் டல்லஸ் என்ற ஊரில் பிறந்தவர். அமெரிக்காவின் டல்லஸ் நகரத்தை அறிந்தவர்கள் வியப்பார்கள். மூத்தது இந்தச் சின்ன டல்லஸ்தான். புல்வெளியைக் குறிக்கும் சொல்லும் தங்குமிடத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்த பெயர் அது என்பது ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அதே வட்டாரத்தில் லாசி என்ற ஆற்றின் கரையில் கெல்லாஸ் என்ற குக்கிராமம் இருக்கிறது. உலகம் அந்தக் கிராமத்தை அறிந்தது ஒரு பூனையால்: காட்டுப் பூனையும் வீட்டுப் பூனையும் கலந்த கறுப்பு விலங்கு ஒன்று 1984-இல் அங்கே பிடிபட, அந்த இனக்கலப்புக்கே கெல்லாஸ் பூனை என்று பெயராயிற்று. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கிந்தா பள்ளத்தாக்கில் தமிழ்ப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் நாள்தோறும் உச்சரித்த பெயர் அது.

இருபது வயதில் மலாயா வந்த ஸ்மித், ஆல்மா பேக்கரின் நிறுவனத்தில் வேலை பார்த்துப் பொருள் சேர்த்தார். பிறகு காட்டை வாங்கித் தோட்டமாக்கி அதற்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயரிட்டார். முதற்பாதி இந்த மண்ணின் ஆறு, மறுபாதி அவர் பிறந்த மண்ணின் கிராமம். இவ்வளவு நேர்மையான தோட்டப் பெயர் பேராக்கில் வேறு இல்லை என்றே சொல்லலாம். ஒரு மனிதன் எங்கிருந்து வந்தான், எங்கே நிற்கிறான் என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. அவர் கட்டிய முதல் வீட்டுக்கும் கெல்லாஸ் மாளிகை என்றே பெயர்.

1915-இல் அதைவிடப் பெரிய மாளிகையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் கூலியாட்களும் வந்தார்கள். செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்து இறங்கின. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே முதல் உலகப் போரின் கடைசியில் பரவிய விஷக்காய்ச்சல் தொழிலாளர்களைச் சாய்த்தது. மாரியம்மனுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். ஸ்மித் கட்டிக் கொடுத்தார். நன்றிக்கு அடையாளமாகக் கோயில் மேல்தளத்துச் சிலைகளின் நடுவே வெள்ளைச் சட்டையும் தொப்பியும் அணிந்த ஓர் உருவத்தை வைத்தார்கள். அது ஸ்மித் என்பார்கள். 1926-இல் அவர் லிஸ்பனில் சளிக்காய்ச்சல் கண்டு இறக்க, மாளிகை முடியாமலே நின்றது. தோட்டம் கைமாறியது. கோட்டைக்கு உலகம் அவர் பெயரை வைத்தது; அவர் பிறந்த வட்டாரத்தின் பெயரை வைத்துக்கொண்டது கிந்தா கெல்லாஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி.

மற்றத் தோட்டங்களின் பெயர்களைப் பிரித்துப் பார்க்கச் சில கெய்லிக் சொற்கள் தெரிந்தால் போதும். ‘ஸ்ட்ராத்’ என்றால் ஆறு பாயும் அகன்ற பள்ளத்தாக்கு. ‘கிளென்’ என்றால் குறுகலானது. ‘இன்வர்’ என்பது ஆற்று முகம். கிழக்குக் கரையில் அதையே ‘அபர்’ என்பார்கள், அந்தச் சொல் கெய்லிக்குக்கும் முந்தைய பிக்டியர் மொழி வழியாக வந்தது. நெஸ் ஆற்றின் முகத்தில் இருப்பது இன்வர்னஸ். கோலகங்சாரிலும் கோலாலம்பூரிலும் உள்ள ‘கோலா’ இதே வேலையைத்தான் செய்கிறது. ‘கின்’ என்றால் தலை. கின்டயர் என்பது நிலத்தின் தலை. நமக்குத் தலைக்காவிரி இருப்பதுபோல. ‘பிட்’ என்று தொடங்கும் பிட்லாக்ரி போன்ற ஊர்களில் பிக்டியர் காலத்து நிலப்பங்கு ஒளிந்திருக்கிறது. ‘இன்ச்’ என்று ஒலிப்பது அளவு அல்ல, தீவு. ஆற்றிடைத் தீவுக்குத் தமிழில் துருத்தி என்ற அருமையான சொல் உண்டு, திருப்பூந்துருத்தியில் அது இன்னும் வாழ்கிறது.

சிலாங்கூரின் காஜாங்கில் இருந்த இன்ச் கென்னத் தோட்டம் மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டங்களுள் ஒன்று; கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890-களின் நடுவில் அங்கே கன்று நட்டார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மல் தீவுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஒரு சிறு தீவின் பெயர் அது, ஆறாம் நூற்றாண்டுத் துறவி கென்னத்தின் நினைவாக வழங்குவது. 1910-இல் ஸ்காட்லாந்தில் பதிவான அந்தத் தோட்டக் கம்பெனியின் பெயர் நூறாண்டு கடந்தும் கோலாலம்பூர் பங்குச் சந்தைப் பட்டியலில் இருந்தது.

பேராக்கிற்குத் திரும்புவோம். சிம்மோர் பக்கத்து ஸ்ட்ராதிஸ்லா என்பது ஐலா ஆற்றுப் பள்ளத்தாக்கு. எழுத்தில் ‘ஸ்’ இருந்தாலும் அந்நாட்டார் அதை ஒலிப்பதில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் கீத் நகரில் 1786-இல் தொடங்கிய சாராய வடிசாலை இன்று அந்தப் பெயரில் இயங்குகிறது. பாகான் டத்தோவின் ஸ்ட்ராத்மாஷியும் ஒரு பள்ளத்தாக்குதான்: பேடனாக் மலைநாட்டில் மாஷி ஆறு ஓடும் இடம். பதினெட்டாம் நூற்றாண்டில் லாக்லன் மக்பர்சன் என்ற கெய்லிக் கவிஞர் அங்கே வாழ்ந்தார். ஐரோப்பாவையே கலக்கிய ஒசியன் (Ossian) பாடல்களைத் தொகுத்த ஜேம்ஸ் மக்பர்சனுக்கு உதவியவர் அவர். கடல்மட்டத்தோடு சமமாகக் கிடக்கும் பாகான் டத்தோவின் களிமண் நிலத்தில், வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால்தான் பயிர் நிற்கும். அங்கே மலைநாட்டுப் பள்ளத்தாக்கின் பெயரைச் சூட்டியவருக்கு ஊர் ஏக்கம் எவ்வளவு இருந்திருக்கும்!

சிலிம் ரிவரின் கிளூனி, கெய்லிக்கில் மேய்ச்சல் வெளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஸ்காட்லாந்தில் அந்தப் பெயரில் பல இடங்கள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது பேடனாக்கில் மக்பர்சன் குலத்தலைவர்களின் இருப்பிடம், ஸ்ட்ராத்மாஷிக்கு அண்டை. சிலிம் ரிவருக்கு இன்னொரு ஸ்காட்லாந்துத் தொடர்பும் சேர்ந்தது. 1942 ஜனவரி 7-ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பானிய டாங்கிகள் அந்தச் சாலையில் புகுந்து வந்தபோது துரோலாக்கில் நின்று சிதைந்தது ஆர்கைல் அண்டு சதர்லாந்து ஹைலண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு. அன்று துரைமார்கள் தோட்டங்களை விட்டுத் தெற்கே ஓடினார்கள். தோட்டத்தில் எஞ்சியவர்கள் தொழிலாளர்கள். பின்னர் அவர்களில் ஆயிரக்கணக்கானோரைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றினார்கள், பலர் திரும்பவில்லை.

செலாமாவின் ஹோலிரூட் கெய்லிக் அல்ல. பழைய ஆங்கிலத்தில் திருச்சிலுவை என்று பொருள். எடின்பரோவில் முதலாம் டேவிட் அரசர் 1128-இல் நிறுவிய மடத்தின் பெயர், பின்னால் அரண்மனைக்கும் ஆனது. தெலுக் இந்தானின் நோவா ஸ்கோஷியா இரட்டைப் பயணம் செய்த பெயர். ‘புதிய ஸ்காட்லாந்து’ என்று பொருள்படும் லத்தீன் பெயரை 1621-இல் வில்லியம் அலெக்சாந்தருக்கு அளித்த பட்டயத்தில் வட அமெரிக்கக் கரைக்குச் சூட்டினார்கள். அங்கிருந்து பெயர் பேராக் ஆற்றங்கரைக்கு வந்து, தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் பலகையில் ஏறியது.

அறிமுகமில்லாத பெயரெல்லாம் ஸ்காட்லாந்து என்று எண்ணிவிடவும் கூடாது. பாரிட்டின் கிளெனீலி அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்தில் உள்ள ஊர். சுங்கை சிப்புட்டின் டவன்பி வட இங்கிலாந்து, அந்தப் ‘பி’ நார்வேக் கடலோடிகள் விட்டுச்சென்ற ஊர்விகுதி. கோல குராவின் கெர்சொனீஸ், மலாய்த் தீபகற்பத்தைப் பொன் தீபகற்பம் என்றழைத்த கிரேக்கர்களின் சொல்.

பெயர்கள் இடம் மாறும்போது பொருளும் குப்புற விழுவதுண்டு. தைப்பிங்கின் மேல் நிற்கும் மலைக்கு மேக்ஸ்வெல் என்ற அதிகாரியின் பெயர் வந்தது. ஸ்காட்லாந்தின் கெல்சோ நகருக்குப் பக்கத்தில் ட்வீட் ஆற்றில் சால்மன் மீன் கிடைக்கும் ஒரு மடுவுக்கு ‘மாக்கஸின் மடு’ என்று பெயர் இருந்தது. அது குடும்பப் பெயராகி, கடைசியில் பேராக்கின் ஈரமான மலைக்கு வந்து சேர்ந்தது. ஆழமான மடு உயரமான மலையானது. தாப்பா வழியாக ஏறும் கேமரன் மலையும் அப்படித்தான். 1885-இல் அந்தப் பக்கம் நில அளவைக்குப் போன வில்லியம் கேமரனின் குடும்பப் பெயருக்கு, மலைநாட்டு மரபில், ‘வளைந்த மூக்கு’ என்று பொருள்.

அரசு மாற்ற வேண்டியதை மாற்றியது. மேக்ஸ்வெல் மலை 1979-இல் புக்கிட் லாரூட் ஆனது. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. போர்ட் வெல்ட் கோல செப்பெத்தாங் ஆனது. ஈப்போவில் ஹேல் தெரு, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தனின் பெயரைப் பெற்றது. ஆனால் கெல்லாஸும் கிளூனியும் ஹோலிரூட்டும் போகவில்லை. இதன் காரணம் தமிழர் வரலாற்றுக்குள் இருக்கிறது, இங்கே சற்று நிற்க வேண்டும்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குள் குறைந்தது பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை, பெரும்பாலும் கங்காணியோ கிராணியோ வாத்தியாராகிய ஒரு வகுப்பு என்று தமிழ்ப்பள்ளிகள் பிறந்தன. தோட்டத்தின் பெயரே பள்ளியின் பெயர். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்க, குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அதைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களிடம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அதற்குப் பிறகும் நிலை நிற்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. தோட்டத்து மக்கள் சிலிபினுக்கும் புந்தோங்கிற்கும் மெங்களெம்புவுக்கும் நகர்ந்தார்கள்.

பள்ளிகளும் நகர்ந்தன. மலேசியாவில் புதிதாக ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி பெறுவது அரிது. இருக்கும் பள்ளியின் அனுமதியை வேறிடத்துக்குக் கொண்டுபோவது சாத்தியம். ஆகவே மரமும் லயமும் கோயிலும் அழிந்த பிறகும், பள்ளி மட்டும் தன் பழைய பெயரைச் சுமந்துகொண்டு புதிய குடியிருப்புக்குப் போகிறது. அந்தப் பெயரைக் கைவிட்டால் பள்ளியையே இழக்க நேரிடலாம் என்பதைப் பெற்றோர் சங்கங்கள் நன்றாக அறியும். நாட்டின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பேராக்கில் மட்டும் நூற்றுமுப்பதுக்கு மேல் உண்டு. அவற்றின் பட்டியலைப் படித்தால், அழிந்துபோன தோட்டங்களின் வரைபடம் கண்முன் விரியும். மோரேயும் பேடனாக்கும் மலேசியாவில் நிலைத்திருப்பது துரைமார்களின் நினைவுச்சின்னங்களால் அல்ல. கூலி கொடுத்து உழைக்கவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. அதனால் அவை நிலைத்தன.

இந்தப் பெயர்களின் பொருளைப் பள்ளிகளில் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொந்தப் பள்ளியின் பெயருக்குப் பொருள் தெரியாமல் ஆறு ஆண்டுகள் படித்து வெளியேறும் பிள்ளைக்கு ஒரு வரலாறு மறைக்கப்படுகிறது. அதோடு, துரைமார் வைத்த பெயருக்கு உள்ளே தமிழர்கள் வைத்த பெயர்களும் இருந்தன: மேட்டு லயம், ஆத்தோரத்து லயம், முனியாண்டி கோயில் கூறு. எந்தக் கம்பெனி ஆவணமும் இவற்றைப் பதியவில்லை. கல்லுமலை மட்டும் தப்பியது. ஈப்போவின் குனோங் செரோ குன்றுக்குத் தமிழர் வைத்த அந்தப் பெயரைத் தைப்பூசக் காவடிகள் ஆண்டுதோறும் காப்பாற்றுகின்றன. ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்ற முதியவர்கள் சிலிபினிலும் புந்தோங்கிலும் இன்னும் இருக்கும்போதே மற்றவற்றையும் எழுதிவைக்க வேண்டும்.

பாகான் டத்தோவில் பிளெமிங்டன் என்றும் ஒரு தோட்டம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. ‘பிளெமிஷ்காரர்களின் குடியிருப்பு’ என்பது அதன் பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஃப்ளாண்டர்ஸ் நாட்டிலிருந்து கடல் தாண்டிப் பிழைக்க வந்த நெசவாளர்களும் வணிகர்களும் வீரர்களும் குடியேறிய இடங்கள் அவை. அவற்றை உள்ளூர்க்காரர்கள் வந்தேறிகளின் ஊர் என்று சொல்லிச் சொல்லியே பெயர் நிலைத்தது. பிறகு அந்தப் பெயரோடு இன்னொரு கடல் தாண்டிய தோட்டத்தில், நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள் பால்மரம் சீவினார்கள்.

அந்தப் பிளெமிங்டன் சைம் டார்பி நிறுவனத்தின் கையில் இருந்தது. மலேசியா 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலை நேரத்தில் வாங்கிக் கைப்பற்றிய கத்ரி கம்பெனியும் பின்னாளில் அதே நிறுவனத்தோடு இணைந்தது. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய அலெக்சாந்தர் கத்ரி, ஆங்கஸ் வட்டாரத்தின் பிரீக்கினிலிருந்து 1821-இல் சிங்கப்பூர் வந்தவர். அவருடைய குடும்பப் பெயரும் ஆங்கஸில் ஓர் ஊரின் பெயரே. ‘காற்று வீசும் இடம்’ என்பார்கள். சைம் டார்பியின் தோட்டப் பிரிவு 2024-இல் எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது.